முதலில் தண்ணீர், அப்புறம்தான் கண்ணாடி

எங்கள் கேரவனைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது ஏசி எத்தனை டன் என்பதைத்தான். அடுத்த கேள்வி, மேக்கப் கண்ணாடியைச் சுற்றி லைட் உண்டா என்பது. நான் அவர்களை நேராகப் பின்பக்கம் கூட்டிப்போய்க் கழிவறைக் கதவைத் திறந்து காட்டுகிறேன். கால் மிதியை அழுத்தினால் தண்ணீர் வருகிறது, காலை எடுத்தால் மூடிக்கொள்கிறது, துளி நாற்றம் இல்லை. இந்த வண்டியில் நாங்கள் பட்ட பாட்டில் முக்கால்வாசி இதற்காகத்தான்.

நான் சினிமாவில் காஸ்ட்யூம் பிரிவில் தையல் வேலை பார்க்கிறேன். சாலிகிராமத்தில் வீடு. வீட்டுக்காரர் பிளம்பர். விருகம்பாக்கம், வளசரவாக்கம் பக்கத்து அடுக்குமாடிகளில் அவருக்கு ஓயாமல் வேலை இருக்கும். ஷூட்டிங் ஸ்பாட்டில் கேரவன் வரிசையாக நிற்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதில் ஏறுகிறவர்கள் நாலைந்து பேர். குரூப் டான்ஸர்கள், துணை நடிகைகள், ஹேர் டிரெஸ்ஸர்கள், எங்களைப் போன்ற தையல்காரர்கள் எல்லாம் வெளியில்தான். ஈ.சி.ஆர் பக்கம் வெளிப்புறப் படப்பிடிப்பு என்றால் முந்தின நாள் ராத்திரியே தண்ணீரைக் குறைத்துக்கொள்வோம். 2024 ஆகஸ்டில் வெளியான ஹேமா கமிட்டி அறிக்கை மலையாள சினிமாவைப் பற்றியது. கழிவறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே இருப்பதும், அதனால் சிறுநீர்த் தொற்று வருவதும் அதில் பதிவாகியிருக்கிறது. படித்தபோது எங்கள் யூனிட் அக்காக்கள் ஒவ்வொருவர் முகமும் கண் முன்னால் வந்தது.

அதனால்தான் மாங்காடு பக்கம் ஒரு பழைய ட்ரெய்லர் கேரவன் விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும் இரண்டு பேரும் கிளம்பிவிட்டோம். இன்ஜின் கிடையாது, ஜீப்பில் மாட்டி இழுக்கும் வகை. பெண் தொழிலாளர்களுக்கு உடை மாற்ற, உட்கார, ஒதுங்க ஒரு வண்டி. கம்பெனிகளுக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கலாம் என்பது எண்ணம்.

தரையில் விரித்திருந்த வினைல் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. கழிவறை வாசலில் கால் வைத்தால் மட்டும் லேசாக அமுங்கியது. "அடியில ரப்பர் இருக்கும்மா, அதான்" என்றார் விற்றவர். வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் வினைலின் ஓரத்தைத் தூக்கி, ஸ்க்ரூ டிரைவரைச் செங்குத்தாக வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். தட்டவில்லை, திருகவில்லை. கம்பி பிடி வரைக்கும் இறங்கிவிட்டது. வெளியே இழுத்தபோது ஃபில்டரில் மிஞ்சும் காப்பித்தூள் மாதிரி ஈரப் பழுப்பு அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிளைவுட் என்று ஒன்று அங்கே இல்லை. அதை வைத்தே விலையைக் குறைத்து வாங்கினோம்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிக்காமல் புதுப் பலகை போடுவது வீண். கீழே குழாய்க் கசிவாக இருக்கலாம், மேலே கூரையிலிருந்து இறங்குவதாகவும் இருக்கலாம். ஈரக் கறையைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இங்கே என் தையல் சாக்பீஸ் உதவியது. ஒவ்வொரு கறையின் ஓரத்தையும் சாக்பீஸால் சுற்றி வரைந்து பக்கத்தில் தேதி எழுதிவைத்தேன். டேங்கில் தண்ணீர் நிரப்பி, கூரைமேல் தார்ப்பாய் போட்டுச் சில நாள். பிறகு டேங்கைக் காலி செய்து, தார்ப்பாயை எடுத்துவிட்டு, கூரையில் ஓஸ் பைப்பால் தண்ணீர் அடித்துச் சில நாள். கழிவறை வாசல் கறை டேங்க் நிரம்பியிருந்த நாட்களில் மட்டும் கோட்டைத் தாண்டியது. முன்பக்க மூலையில் இருந்த கறை கூரை நனைந்த நாட்களில் மட்டும் பெருத்தது. ஆக, ஒரே வண்டிக்குள் இரண்டு வியாதி.

கூரை வியாதி சுலபமானது. ஏசி உட்காரும் ஓட்டையைச் சுற்றியும், தகடுகள் சேரும் இடத்திலும் யாரோ பல வருடம் சிலிக்கான்மேல் சிலிக்கானாக அப்பியிருந்தார்கள். பழைய சிலிக்கான்மேல் புதுசு ஒட்டாது. மொத்தத்தையும் சுரண்டி எடுத்தாக வேண்டும். தவிர, வினிகர் நெடி அடிக்கும் சாதா சிலிக்கான் உலோகத்தை அரிக்கும். அலுமினியத் தகட்டில் இரும்பு ஸ்க்ரூ போட்டிருந்த இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்து ஓட்டை பெரிதாகியிருந்தது. அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டு, நடுவில் நம் ஊர்க் கடற்காற்றின் உப்பீரமும் சேர்ந்தால் அலுமினியம் கரையும். ஸ்க்ரூக்களை எல்லாம் கழற்றி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மாற்றி, ஒவ்வொன்றுக்கும் அடியில் பியூட்டைல் டேப் என்ற பிசுபிசுப்பான ரப்பர் பட்டை வைத்தோம். இணைப்புகளுக்கு பஸ் பாடி கட்டுகிறவர்கள் அடிக்கும் பாலியூரித்தேன் சீலன்ட். அது காய்ந்த பிறகும் ரப்பராக இழுபடும், வண்டி குலுங்கினால் பிளக்காது. ஐப்பசி மழைக்கு முன்னால் இதை முடித்துவிட வேண்டும் என்று அவரை விரட்டிக்கொண்டே இருந்தேன்.

குழாய் வியாதிதான் பெரியது. உள்ளே ஓடியது மொத்தமும் சிபிவிசி, வீட்டில் போடும் அதே குழாய். எல்போ ஒன்றில் முடி அளவு கீறல். டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியவில்லை, விரலை வைத்தால் ஈரம் தெரிந்தது. அவர் சொன்னது இது: "வீட்டுச் சுவர் ஆடாது, அங்க சிபிவிசி நிக்கும். இது ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கர்லயும் குதிக்கும். ஒட்டுன மூட்டு வளைஞ்சு கொடுக்காது, ஒரு நாள் விட்டுடும்."

எதிர்வீட்டு மாமா பெரம்பூர் ஐ.சி.எஃப்பில் ரயில் கோச் கட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மாலையில் வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். அவர் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். ஓடுகிற வண்டியில் குழாயைக் கட்டிப்போட வேண்டும், ஆனால் நெரிக்கக் கூடாது. கிளாம்புக்கும் குழாய்க்கும் நடுவில் ரப்பர் இருக்க வேண்டும். தகட்டு ஓட்டைக்குள் குழாய் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால் தகடு கொஞ்சம் கொஞ்சமாகக் குழாயை அறுத்துவிடும். நட் இருந்தால் லாக் நட்டாக இருக்க வேண்டும். அவர் சொன்ன ஒவ்வொன்றையும் செய்தோம். நானே பழைய சைக்கிள் ட்யூபைக் கீற்றுக் கீற்றாக வெட்டிக் கொடுத்தேன்.

குழாய்க்கு பெக்ஸ் போடுவது என்று முடிவானது. வளையும் பிளாஸ்டிக், மூட்டுக்குப் பித்தளை ஃபிட்டிங்கும் இறுக்கு வளையமும். வெளிநாடுகளில் ட்ரெய்லர்களுக்கு இன்றைக்கு இதுதான் வழக்கம். அமெரிக்காவில் 1978-லிருந்து 1995 வரை வீடுகளிலும் இந்த மாதிரி வண்டிகளிலும் பாலிபியூட்டிலீன் என்ற சாம்பல் குழாயைப் போட்டார்கள். தண்ணீரில் இருக்கும் குளோரின் அதை உள்ளிருந்தே உதிர்த்து ஊரெல்லாம் ஒழுகிவிட, அதைக் கைவிட்டார்கள். பெக்ஸுக்கும் பலவீனம் உண்டு. வெயில் பட்டால் கெட்டுப்போகும், எலி கடிக்கும். அதனால் வண்டிக்கு வெளியே ஓர் அங்குலம்கூட விடவில்லை. தரையில் இருந்த ஓட்டைகளைச் சுற்றி ஸ்டீல் வலை வைத்து அடைத்தோம். சுவருக்குள் மூட்டே வரக்கூடாது என்பது வீட்டுக்காரர் விதி. குழாய் வளைந்தே போக வேண்டும், மூட்டு இருந்தால் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பொருளுக்குத் தம்பு செட்டித் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினோம்.

பம்ப் 12 வோல்ட் டயஃப்ரம் வகை, உள்ளே ஒரு சவ்வு அசைந்து தண்ணீரைத் தள்ளும். குழாயைத் திறந்தால் அழுத்தம் குறைந்து தானாக ஓடும், மூடினால் அழுத்தம் சுமார் 45 பிஎஸ்ஐ வந்ததும் தானாக நிற்கும். வீட்டு ஆர்.ஓ மெஷினில் இருக்கும் பூஸ்டர் பம்பும் இதே தத்துவம்தான், அது சின்னது. பேட்டரியில் ஓடுவதால் ஜெனரேட்டரை நிறுத்தினாலும் தண்ணீர் நிற்காது. வசனத்தை ஸ்பாட்டிலேயே பதிவு செய்யும் லைவ் சவுண்ட் ஷூட்டிங்கில் இது பெரிய விஷயம், ஆனால் பம்பின் சத்தமே மைக்கில் விழுந்துவிடவும் கூடாது. அதனால் அதைக் கனமான ரப்பர் பட்டையில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் ஒரு முழ நீளம் வளையும் ஓஸ் போட்டு, அப்புறம்தான் குழாயோடு சேர்த்தார். இப்போது வெளியில் நின்றால் ஒன்றும் கேட்பதில்லை. பம்புக்கு முன்னால் வலை போட்ட வடிகட்டி ஒன்று இருக்கிறது. லாரித் தண்ணீரானாலும் போர்த் தண்ணீரானாலும் மணலும் உப்புத் தூளும் வரத்தான் செய்யும்.

இந்த வகைப் பம்பில் ஒரு நல்ல குணம், கசிவை அதுவே சொல்லிவிடும். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, பம்பை ஆன் செய்து, ராத்திரி முழுக்க விட்டுவிட வேண்டும். எங்காவது துளித்துளியாகப் போனால்கூட அழுத்தம் இறங்கி பம்ப் ஒரு நொடி ஓடி நிற்கும். நாங்கள் வண்டிக்குள்ளேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டு கேட்டோம். முதல் ராத்திரி வாஷ்பேசின் அடியில் ஒரு மூட்டு காட்டிக்கொடுத்தது. வளையத்தை மாற்றிவிட்டு மறுநாள் மறுபடி படுத்தோம். விடியும் வரை சத்தம் இல்லை.

கழிவு போகும் குழாயில் அழுத்தம் இருக்காது, அங்கே இந்தச் சோதனை செல்லாது. அதற்குச் சொட்டு நீலம். வண்டியை ரசமட்டம் வைத்து நேராக நிறுத்தி, பேசினில் நீலத் தண்ணீரை ஊற்றி, ஒவ்வொரு மூட்டுக்கும் அடியில் வெள்ளைக் காகிதம் விரித்தேன். ஒரு புள்ளி விழுந்தாலும் தெரிந்துவிடும். கழிவுக் குழாய்க்கு ஓர் அடிக்குக் கால் அங்குலம் சாய்வு வேண்டும். வண்டி கோணலாக நின்றால் அந்தச் சாய்வுக்கு அர்த்தமே இல்லை. ஸ்பாட்டில் நிறுத்தினதும் முதல் வேலை ரசமட்டம் பார்ப்பது என்று டிரைவருக்குச் சொல்லிவைத்திருக்கிறோம். மூலையில் இருக்கும் ஜாக்குகள் வண்டி ஆடாமல் பிடிப்பதற்கு மட்டும், தூக்குவதற்கு இல்லை. மட்டம் குறைந்தால் டயருக்கு அடியில் பலகை வைக்க வேண்டும்.

நாற்றத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பதிவே முழுமையாகாது. வாங்கும்போது கழிவறைக்குள் வாசனை டப்பா, கற்பூர உருண்டை, ஊதுவத்தி ஸ்டாண்டு எல்லாம் இருந்தன. அத்தனையையும் மீறி நாற்றம் அடித்தது. மலத் தொட்டிக்குக் கூரை வரை ஒரு காற்றுக்குழாய் உண்டு. தொட்டியில் உண்டாகும் வாயு அதன் வழியாகத்தான் மேலே போக வேண்டும். அது அடைத்துக்கொண்டால் ஃப்ளஷ் செய்யும்போதெல்லாம் வாயு அறைக்குள் எழும்பும். கூரை வேலையின்போது உதவிக்கு வரும் தம்பி அந்தக் குழாயின் மூடியைக் கழற்றிவிட்டு, "அக்கா, உள்ள மண்ணு" என்றான். குளவிக் கூடு. களிமண் உருண்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் குழாய் வாயையே பூசிவிட்டிருந்தது. உள்ளே பச்சைப் புழுக்கள் அடுக்கியிருந்தன. கம்பியால் குத்தி எடுத்து, மேலே கொசுவலைக் கம்பி கட்டினோம். நாற்றத்தில் பாதி அன்றைக்கே போய்விட்டது.

மீதிப் பாதி பேசினுக்கு அடியில் இருக்கும் ட்ராப் என்ற வளைந்த குழாய். அதில் எப்போதும் தண்ணீர் நின்றால்தான் கழிவுத் தொட்டிக் காற்று மேலே வராது. வீட்டில் அது வற்றாது. சும்மா நிற்கும் வண்டியில் சித்திரை வெயிலில் வற்றிவிடும். வண்டியை நிறுத்திவைக்கும்போது ஒரு சொம்பு தண்ணீரும் அதன்மேல் ஒரு ஸ்பூன் எண்ணெயும் ஊற்றிவைக்கிறோம். எண்ணெய் மேலே படர்ந்து தண்ணீர் ஆவியாவதைத் தடுக்கும்.

வாங்கும்போது இருந்தது வீட்டுக் கமோடு, சிஸ்டர்ன் வைத்தது. ஒரு தடவை இழுத்தால் 6 லிட்டர். மலத் தொட்டியின் கொள்ளளவே 100 லிட்டர்தான். பத்துப் பெண்கள் ஆளுக்கு மூன்று தடவை போனால் ஃப்ளஷ் மட்டும் 180 லிட்டர், மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே தொட்டி நிரம்பிவிடும். அதனால் கால் மிதி வகைக்கு மாற்றினோம், அது வண்டிகளுக்கென்றே செய்யப்படுவது. ஒரு தடவைக்கு ஒன்றரை லிட்டர் போதும். நாம் தண்ணீரில் கழுவுகிறவர்கள், அதற்கு ஒரு லிட்டர் சேர்த்தாலும் முப்பது தடவைக்கு 75 லிட்டர். ஒரு நாள் தாங்கும். ஹெல்த் ஃபாசெட் வைத்தே தீர வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன், வைத்தோம். அதன் ஓஸ் எந்நேரமும் அழுத்தத்தில் இருந்தால் ஒரு நாள் வெடிக்கும், பம்பும் நிற்காமல் ஓடி டேங்கைக் காலி செய்துவிடும். அதனால் அதற்குப் போகும் தண்ணீரை மூடும் ஆங்கிள் காக் கையருகில் இருக்கிறது. ஆள் இல்லாதபோது பம்பின் மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவோம்.

நல்ல தண்ணீர் டேங்க் 150 லிட்டர். நிரம்பினால் 150 கிலோ. அது முன்பு கடைசிப் பக்கத்தில், பின் பம்பருக்கு மேல் இருந்தது. ட்ரெய்லரின் மொத்த எடையில் 10-லிருந்து 15 சதவீதம் முன்னால் இழுக்கும் கொக்கியில் இறங்க வேண்டும். பின்பக்கம் கனமானால் அது குறைந்து, நெடுஞ்சாலையில் வண்டி வால் ஆட்ட ஆரம்பிக்கும். உயிருக்கே ஆபத்து. டேங்கை அச்சுக்கு நேர் மேலே, பெஞ்சுக்கு அடியில் மாற்றினோம்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஆசாரி அண்ணனைக் கூப்பிட்டேன். தரைக்கு ஐஎஸ் 710 முத்திரை போட்ட, ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட். அலமாரிக்கும் அதையே 18 மில்லிமீட்டரில் போடலாம் என்றார். "வேண்டாம் அண்ணே, எடை ஏறிடும்" என்று அலுமினிய செக்‌ஷனில் சட்டம் அடித்து 9 மில்லிமீட்டர் பலகை வைக்கச் சொன்னேன். சுவர்த் தகட்டுக்கும் உள்பலகைக்கும் நடுவில் தெர்மோகோல். பெஞ்சுக்கு ரெக்சின் போட்டேன். வியர்வையோடு உட்காருகிற இடத்தில் துணி போட்டால் ஒரே சீசனில் பூஞ்சை பிடிக்கும். உறை எல்லாம் நானே தைத்தது, ஜிப் வைத்து, கழற்றித் துடைக்கிற மாதிரி. பெஞ்சுப் பலகையில் வரிசையாக ஓட்டை போட்டிருக்கிறோம், அடியில் காற்று ஓடுவதற்கு.

கொக்கிகளை ஆள் உயரத்துக்கு மேலே வைத்தேன். டான்ஸ் காஸ்ட்யூமின் ஜரிகை தரையில் புரண்டால் அதைத் திரும்பத் தைப்பது நான்தான். கழிவறைக்குள்ளும் இரண்டு கொக்கி, ஒன்று புடவைக்கு, ஒன்று கைப்பைக்கு. மூடி போட்ட நாப்கின் கூடை. கதவுக்கு உள்ளே மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள். ஜன்னல் கழுத்துக்கு மேல்தான். இவை ஒவ்வொன்றும் யாராவது ஓர் அக்கா என்னிடம் சொன்னது.

கண்ணாடியைச் சுற்றி லைட்டும் வைத்தாகிவிட்டது.

கடைசியாக, கழிவு எங்கே போகிறது என்ற கேள்வி. ஸ்பாட்டில் குழி தோண்டித் திறந்துவிடுவதையும், ராத்திரி ரோட்டோரம் ஊற்றிவிட்டுப் போவதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் வண்டியில் அது நடக்காது. கழிவுநீர் லாரியை வரச்சொல்லி உறிஞ்சிக் கொடுக்கிறோம், அது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்று பேசித்தான் அனுப்புகிறோம். நெசப்பாக்கமும் கோயம்பேடும் எங்களுக்குப் பக்கம். தொட்டி அடைத்துக்கொண்டால் எவனையோ கூப்பிட்டுக் கையை விடச் சொல்வது 2013-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அதைச் செய்யச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் அடைக்காமல் பார்த்துக்கொள்வதே எங்கள் பொறுப்பு. மலத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்தால் தண்ணீர் மட்டும் ஓடிவிட்டு மலம் தங்கி இறுகிவிடும். எப்போதும் மூடியே இருக்க வேண்டும், நிரம்பிய பிறகு மொத்தமாகத் திறக்க வேண்டும். முதலில் மலத் தொட்டி, அடுத்து பேசின் தண்ணீர்த் தொட்டி. அந்தத் தண்ணீர் ஓஸையும் கழுவிவிடும். காலி செய்ததும் உள்ளே ஒரு வாளி தண்ணீர் ஊற்றி மூட வேண்டும். ஆசிட் கூடவே கூடாது, ரப்பர் சீல் போய்விடும். இதை எழுதி லேமினேட் செய்து வால்வுப் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.

வெளியே கை கால் கழுவ ஒரு குழாயும், வெயிலுக்குப் பக்கவாட்டில் இழுக்கும் கூடாரத் துணியும் இன்னும் பாக்கி. கூடாரத்தை நானே தைக்கிறேன், கேன்வாஸ் வாங்கியாகிவிட்டது. கால் மிதி கமோடின் ரப்பர் சீல் ஒன்று கூடுதலாகக் கையில் இருந்தால் நிம்மதி. சென்னையிலேயே அதை விற்கிற கடை யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள், அளவு எடுத்து வைத்திருக்கிறேன்.